கருங்கவசம் திரும்பி வந்த ஆடி மாதம்

சங்கரபாண்டியைப் பற்றித் தென்காசியில் யாரிடம் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள். சினிமாவில் செத்துப்போன ஒருவனுக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டி, மொட்டையும் போட்டுக்கொண்டவன் என்பார்கள். உண்மைதான். அந்தப் போஸ்டரை அடித்துக் கொடுத்ததே நான்தான். பல வருடமாக இங்கே பிளக்ஸ் கடை வைத்திருக்கிறேன். காதுகுத்து, கட்சிக் கூட்டம், கருமாதி எல்லாம் என் மிஷினில் ஓடித்தான் வெளியே வருகின்றன. சிரிக்கிறவர்களுக்கு மீதிக் கதை தெரியாது. எனக்குத் தெரியும். அதனால் அவர்கள் சிரிப்பதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவனுக்கு ஊர் இலத்தூர். ஐந்தருவிக்குப் போகும் வழியில் துண்டு, சோப்பு, எண்ணெய்ப் பாக்கெட் விற்கிற சின்னக் கடை. சீசனில் மூச்சுவிட நேரம் இருக்காது. சாரல் நின்றுவிட்டால் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஈ ஓட்டுகிற மாதங்களில் அவன் பார்ப்பதெல்லாம் 'ஏழு கவசம்'. வெளிநாட்டுக்காரன் எடுத்த வரிசைப் படங்கள். ஏழு பேர், ஆளுக்கொரு இரும்புச் சட்டை, உலகத்தைக் காப்பாற்றுவதைத் தவிர அவர்களுக்கு வேறு சோலி கிடையாது. தமிழில் பேசவைத்து வெளியிடுவார்கள். அதில் கருங்கவசம் என்கிற ஆள்தான் இவனுக்கு உயிர். இந்தப் பைத்தியத்தை ஏற்றிவிட்டது அண்ணன் தளவாய். பட்டாளத்தில் இருந்தான். லீவில் வந்தால் தம்பியைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு தியேட்டருக்குப் போவதுதான் முதல் வேலை.

அந்தத் தளவாய் வடக்கே மலைப்பாதையில் வண்டி உருண்டு செத்துப்போனான். கல்யாணம்கூட ஆகவில்லை. பெட்டி வந்தது. திறந்து பார்க்கிற நிலையில் இல்லை என்று கூட வந்தவர்கள் பக்குவமாகச் சொன்னார்கள். அப்பா முன்பே போய்விட்டார். அம்மா வள்ளித்தாய் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

"மூஞ்சியக் காட்டாம எம்புள்ளன்னு சொன்னா நான் எப்படி நம்புவேன்?" என்று ஒரே பிடியாக நின்றாள்.

அடக்கம் செய்த பிறகும் அந்தப் பிடியை விடவில்லை. படத்துக்கு மாலை போடக்கூடாது, போஸ்டர் ஒட்டக்கூடாது, ஆடி அமாவாசைக்குக் குற்றாலத்தில் தர்ப்பணம் கொடுக்கக்கூடாது. தினமும் இரவில் வாசல் லைட்டை அணைக்காமல் படுத்தாள். சங்கரபாண்டி சொல்லி நான் கம்ப்யூட்டரில் செய்து வைத்திருந்த அஞ்சலி போஸ்டர் அச்சேறாமலே கிடந்தது. அம்மா அழாததால் இவனும் அழவில்லை. இரண்டு பேரும் ஒரே வீட்டில் ஒரு பேச்சுப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அப்போதுதான் ஏழு கவசத்தின் கடைசிப் படம் வந்தது. அதில் கருங்கவசம் செத்துப்போகிறான். உடம்பைக் காட்டவில்லை. மூடிய பெட்டிதான் வருகிறது. அவனைப் பெற்றவள் நேராக நடந்து வந்து பெட்டியின்மேல் கையை வைத்து, "திறக்க வேண்டாம். என் பிள்ளையை எனக்குத் தெரியும்" என்கிறாள். தியேட்டரில் சங்கரபாண்டி அழுத அழுகையில் முன் வரிசையே திரும்பிப் பார்த்ததாம். மறுநாள் என் கடைக்கு வந்து கருங்கவசத்துக்குக் கண்ணீர் அஞ்சலி அடிக்கச் சொன்னான்.

"ஏலே, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா?" என்று கேட்டேன்.

"எங்க அண்ணனுக்குச் செஞ்சு வச்சிருக்கீங்கள்லா, அந்த டிசைன்லேயே படத்தை மட்டும் மாத்திப் போடுங்க அண்ணாச்சி" என்றான்.

அடித்துக் கொடுத்தேன். மொட்டையும் போட்டுக்கொண்டான். ஊர் கைகொட்டிச் சிரித்தது.

சில மாதம் கழித்து அந்தப் படம் வீட்டு டிவியில் பார்க்கிற மாதிரி வந்தபோது, அம்மாவை உட்காரவைத்து அந்தக் காட்சியைக் காட்டினான். "பாரும்மா. அவளும் திறந்து பாக்கல. செத்தவன் வரமாட்டான்னு அவளுக்குத் தெரிஞ்சிட்டு" என்றான். வள்ளித்தாய் திரும்பப் போடச் சொன்னாள். மறுபடியும் போட்டான். பிறகு தரையில் விழுந்து, பக்கத்து வீட்டார் ஓடிவருகிற அளவுக்கு அழுதாள். அந்த வருட ஆடி அமாவாசைக்கு அவளே இளையவனை எழுப்பிக் குற்றாலத்துக்கு அனுப்பினாள். வாசல் லைட்டை அணைத்தாள். டாக்டராலும் சொந்தபந்தத்தாலும் ஆகாததை ஒரு டப்பிங் படம் செய்தது. அதற்காகவே அந்தக் கம்பெனிக்காரனை நான் மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

படம் முடிந்தும் கம்பெனிக்காரன் விடவில்லை. ஆளுக்கொரு சீரியல் என்று டிவியில் இறக்கினான். நம் ஊர் ரசிகர் பயல்களுக்கு என் கடைதான் சங்கம். தலைவன் ஜெஸ்வின், செல்போன் கவர் விற்கிறவன். முதலில், ஏழு பேரில் ஒருத்தியான வில்காரியின் சீரியல் வந்தது. "ஒரு படத்துக் கதைய எட்டு வாரத்துக்கு இழுத்துட்டானுவ" என்று எல்லாரும் திட்டினார்கள். "டிவின்னா மெதுவாத்தான் போவும்லே. ஆளுவள நின்னு பாக்கலாம்லா" என்று சங்கரபாண்டி ஒருவன்தான் பரிந்து பேசினான். இரண்டாவது, துப்பறிகிற கவசத்தின் சீரியல். செலவைக் குறைத்திருக்கிறான், பறப்பதே இல்லை, பஸ்ஸில் போகிறான் என்று குறை. அதற்கும் அவன் பரிந்துகொண்டு பேசினான். கம்பெனிக்கு இப்படி ஒரு வக்கீல் கிடைக்க மாட்டான்.

இந்த வருடம் மூன்றாவது வந்தது. கருங்கவசம் சாகவே இல்லையாம். சாவு என்று ஊரை நம்பவைத்துவிட்டு, பேரை மாற்றிக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு ஒரு பிளாட்டில் குடியிருக்கிறானாம். அதையும் பழைய காலத்துக் காமெடி சீரியல் மாதிரி எடுத்திருந்தான். ஒரு ஹால், நடுவில் சோபா, ஓரத்தில் மாடிப்படி. பக்கத்து வீட்டுக்காரன் கதவைத் தட்டாமல் நுழைவான். எல்லாரும் நம்மைப் பார்த்தே உட்கார்ந்து பேசுவார்கள். யாரென்று தெரியாத கூட்டம் ஒன்று மறைவில் இருந்து சிரிக்கும். நம் டிவியில் அந்தக் காலத்தில் வந்த நாடகங்களும் அப்படித்தானே; கதவைச் சாத்தினால் தட்டிச் சுவர் முழுவதும் ஆடும். சங்கரபாண்டிக்கு அந்த நாடகங்கள் உசிர். அதனால் ஆசையாகத்தான் பார்க்க உட்கார்ந்திருக்கிறான்.

முதல் காட்சியில் கதவு திறக்கிறது. காய்கறிப் பையோடு கருங்கவசம் வருகிறான். மறைவில் இருக்கிற கூட்டம் கைதட்டுகிறது. சோபாவில் உட்கார்ந்து டிவியைப் போடுகிறான். டிவியில் அவனுடைய சாவு ஓடுகிறது. பெட்டி வருகிறது, பெற்றவள் கை வைக்கிறாள். இவன் பாப்கார்னை வாயில் போட்டுக்கொண்டு, "பெட்டி கொஞ்சம் சின்னதாப் போச்சே" என்கிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

மறுநாள் பயல்கள் என் கடையில் கூத்தடித்தார்கள். "பழைய இங்கிலீஷ் காமெடிக்கெல்லாம் மரியாதை பண்ணியிருக்கான் அண்ணாச்சி. இதுவரைக்கும் வந்ததுல இதுதான் டாப்பு" என்றான் ஜெஸ்வின். சண்டையே இல்லை என்று இன்னொருவன் சலித்துக்கொண்டான். சங்கரபாண்டி ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நீ என்னண்ணே சொல்லுத?" என்று ஜெஸ்வின் கேட்டான்.

"பெத்தவ அழுததக் காட்டிச் சிரிக்க வச்சிட்டான்லே. இவனுக்காவா நான் மூணு வருசம் ஊர்கூடச் சண்டை போட்டேன்?" என்றான். பயல்கள் அதையும் ஒரு விமர்சனம் என்று நினைத்துக்கொண்டு மேலே பேசினார்கள்.

அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தான். "அண்ணாச்சி, அம்மா காதுக்கு இது போவக் கூடாது. போச்சுன்னா எல்லாம் போச்சு" என்றான். வீட்டு டிவிக்கு வருகிற நெட் கனெக்ஷனைப் பிடுங்கிவிட்டான். என்னலே படமே வரல என்று அம்மா கேட்டதற்கு, மழையில் ஒயர் போய்விட்டது என்று சொல்லியிருக்கிறான். ஆடி அமாவாசை தாண்டினால் போதும் என்று எண்ணிக்கொண்டிருந்தான்.

அமாவாசைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஜெஸ்வின் பிளக்ஸ் அடிக்க வந்தான். 'மீண்டு வந்த எங்கள் கருங்கவசமே வருக! வருக!' என்று போட்டு, கீழே ரசிகர்கள் படம் வரிசையாக. நடுவில் பெரிதாகச் சங்கரபாண்டி.

"அவன்ட்ட கேட்டியாலே?"

"அவருதான அண்ணாச்சி நம்ம ஊருல மொத ரசிகர்? சர்ப்ரைஸா வைப்போம்."

எனக்கு வந்த கோபத்தில் அவன் கொண்டுவந்த பென் டிரைவைத் தெருவில் எறிந்தேன். சங்கரபாண்டியின் வீட்டு விஷயத்தை வெளியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "அவன் படத்தப் போட்டா காலை ஒடிச்சிருவேன்" என்று மட்டும் கத்தினேன். அவன் பொறுக்கி எடுத்துக்கொண்டு செங்கோட்டைப் பக்கம் எங்கேயோ அடித்துவிட்டான். அமாவாசைக்கு முந்தின நாள் காலையில் இலத்தூருக்குப் பிரிகிற விலக்கில் கட்டியும் விட்டான்.

அன்றைக்குத்தான் வள்ளித்தாய் தர்ப்பணச் சாமான் வாங்கத் தென்காசிக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். ஜன்னல் வழியாக மகன் முகம் தெரிந்திருக்கிறது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, பேனரை எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறாள். பிறகு அடுத்த பஸ் பிடித்துச் சாமானும் வாங்கிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்தாள். நான்தானே எல்லாருக்கும் அடித்துக் கொடுக்கிறவன்.

"செத்தவன எதுக்கு வருக வருகன்னு போட்டிருக்கு?" என்றாள்.

"நான் அடிக்கல ஆத்தா" என்றேன்.

"அடிக்கல. ஆனா உனக்குத் தெரியும்லா?"

எனக்குத் தெரியும் என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். சங்கரபாண்டிக்குப் போன் போட்டேன். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தான்.

"எனக்குக் காட்டு" என்றாள் அவனிடம். சொல்லிப் பார்த்தான், கெஞ்சிப் பார்த்தான், கேட்கவில்லை. கடைசியில் என் கம்ப்யூட்டரிலேயே போட்டான். கதவு திறந்தது, கைதட்டல் வந்தது, பெட்டி வந்தது, அந்தப் பாழாய்ப்போன சிரிப்பும் வந்தது. அவள் கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

"எம்மா, இது வெறும் கதை. துட்டுக்காவ மாத்திட்டானுவ. உண்மையில்ல" என்றான் சங்கரபாண்டி.

"கதைன்னு எனக்குத் தெரியாதாலே? நான் என்ன கூறுகெட்டவளா?" அவள் சத்தம் போடவில்லை. "கதைன்னு தெரிஞ்சுதான நீயும் அன்னைக்கு எனக்குக் காட்டுன? இதப் பாரு, இவளே நம்பிட்டா, நீயும் நம்புன்னு சொன்ன. நான் உன்ன நம்பித்தாம்லே அழுதேன். இன்னைக்கு அவன் திரும்பி வந்துட்டான். அத மட்டும் எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்க. இன்னும் என்னெல்லாம் ஒளிச்சு வச்சிருக்க?"

"ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா ஒண்ணும் இல்ல."

"ஒயர் போச்சுன்னியே, அதுவும் சத்தியந்தானா?"

அவன் என்னைப் பார்த்தான். கம்பெனிக்காரன் இவனை ஏமாற்றினான், கூட்டாளிகள் ஏமாற்றினார்கள். பெற்றவள் கண்ணுக்கோ இவனே ஏமாற்றுக்காரனாக நின்றான். அவள் பையைத் திறந்து எள்ளுப் பொட்டலத்தையும் தர்ப்பைக் கட்டையும் எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு நீ அருவிக்குப் போவாத" என்றாள். "உசுரோட இருக்கவனுக்கு எவனாவது எள்ளும் தண்ணியும் இறைப்பானாலே?"

அவன் போகவில்லை.