ஒரு கை பழைய சோறு

இதை எழுத நோட்டை எடுப்பதும், வேண்டாம் முருகா என்று திரும்ப வைப்பதுமாக எனக்கு ஏழு வருஷம் போய்விட்டது. எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள் நான். எழுத்தில் குறை இருக்கும், சொல்வதில் இருக்காது.

அந்த வருஷம் என் மகள் மூன்று மாசம் முழுகாமல் இருந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் கழித்துத் தங்கியது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்று கந்த சஷ்டி ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுப்பதாகத் திருச்செந்தூர் திசை பார்த்து நேர்ந்துகொண்டேன். நாலாம் நாள் மத்தியானம், வீட்டுக்காரர் ஹார்பர் வேலைக்குப் போயிருந்தார். துணி துவைத்துவிட்டு எழுந்த எனக்குக் கண் இருட்டியது. அடுப்படிக்குப் போய், பானையில் கிடந்த பழைய சோற்றில் ஒரு கை அள்ளித் தின்றேன். பிறகு சாமி படத்துக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதேன். வேறு யாருக்கும் தெரியாது.

மறுநாள் பக்கத்து வீட்டு மதினி ஒரு பெண்ணைக் கூட்டிவந்தாள். மதினி உறவில்லை, பதினைந்து வருஷப் பழக்கத்தில் வந்த முறை. வந்தவள், ஜனங்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுக்கிறவள். கையில் டேப்லெட், பையில் அளவு காட்டக் கிண்ணம், கரண்டி. முந்தின நாள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வாயில் போட்டதையெல்லாம் சொல்லச் சொன்னாள். விரதம் என்றேன். விரதமானாலும் அதுதான் கணக்கு என்றாள். பெயர் வெளியே வராது, நாட்டில் யாருக்கு என்ன சத்துக் குறைகிறது என்று இதை வைத்துத்தான் சரிசெய்ய முடியும், மறைத்தால் எல்லாமே தப்பாகிவிடும் என்றாள். தனியாகப் பேச வேண்டும் என்று மதினியைப் பார்த்தாள்.

"நான் என்ன வேத்தாளா?" என்றாள் மதினி. இருக்கட்டும் என்று சொன்னது நான்தான்.

விரத நாளில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. சொல்லிவிட்டேன். அந்தப் பெண் என்னைக் கையைக் குவித்துக் காட்டச் சொல்லி அளவு பதிந்தாள். சிரிக்கவில்லை. ரத்தம் குறைவாக இருக்கலாம், டெஸ்ட் பண்ணிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னாள். முருகனே ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது எனக்கு.

அடுத்த மாசம் மகளுக்குக் கரு நிலைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் கேட்டது ஒன்றே ஒன்று.

"விரதத்துல கருவாட்டுக் கொழம்பு ஊத்தித் தின்னியாம்மா? எங்க அத்தை சொல்லுதாவ."

சம்பந்தியம்மாள் இருப்பது ஏரலில். அங்கே போய்ச் சேர்வதற்குள் ஒரு கை சோறு ஒரு தட்டாகி, குழம்பும் கருவாடும் ஆகியிருந்தது. இல்லை என்றேன். சோறு தின்னது நிஜமா என்றாள். அதற்கு இல்லை என்று சொல்ல முடியவில்லை.

மதினியிடம் போனேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் தலை நிமிரவில்லை.

"கருவாடுன்னு நான் சொல்லல. நாட்டுக்கே சொல்லுதிய, நாலு வீட்டுக்குத் தெரிஞ்சா என்னவாம் மதினி?"

போன வருஷம் வேறொரு பெண் அதேபோல் டேப்லெட்டோடு வந்தாள். தெருவில் எல்லோரும் கீரை, முட்டை, பழம் என்றே சொன்னோம். எங்கள் வீட்டில் முந்தின நாள் வெறும் ரசம்தான். அவள் நம்பிப் பதிந்துகொண்டு போனாள்.

மகளுக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. வருகிறாள், பேசுகிறாள். பேத்திக்கு ஒரு சஷ்டி இருக்கட்டுமா என்றால் மட்டும், "நீ எங்களுக்காக ஒண்ணும் இருக்க வேண்டாம்மா" என்கிறாள்.

இதைப் படித்தவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஏரலில் போய்க்கூடச் சொல்லுங்கள். ஆனால் கூட்டவும் வேண்டாம், என் மேல் இரக்கப்பட்டுக் குறைக்கவும் வேண்டாம். நாலாம் நாள் மத்தியானம், பழைய சோறு, ஒரு கை.