படலத்தின் மேல் மூன்று எழுத்து

1996 அக்டோபர் 17, வியாழக்கிழமை, மாலை ஐந்து மணி இருபது நிமிடம். காரைக்குடியில் தூறல், பெய்வதா வேண்டாமா என்று யோசிக்கிற தூறல். சென்னை ரயிலுக்குப் பெட்டியை எடுக்க வீட்டுக்குள் நுழைந்தேன். மேசை மேல் வைத்திருந்த எவர்சில்வர் டப்பியைக் காணோம்.

டப்பிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள் எட்டணா அகலத்தில் ஓர் உலோக வட்டு. நிக்கலும் அலுமினியமும் சேர்ந்து ஒரே படிகமாக வளர்ந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் அதை வெற்றிடத்தில் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக ஆக்ஸிஜன் விட்டோம். அலுமினியம் மேலே வந்து ஆக்ஸைடு படலமாகும். இரண்டு அடுக்கு ஆனதும் தானாக நின்றுவிடும். ஒரு தலைமுடியின் குறுக்களவுக்கு அப்படிப்பட்ட படலங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வெளிக்காற்றில் பயணம் செய்தாலும் அது கெடாது என்று எழுதியும் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை பத்து மணிக்குச் சென்னையில் ஒரு கருவியில் வைத்து அதை நிரூபிக்க வேண்டும். இல்லாவிட்டால் என் ஆராய்ச்சிக்கு வரும் பணம் நின்றுவிடும்.

வீட்டிலோ மகள் கல்யாணத்துக்கு வாங்கிய சீர்ச் சாமான் காலிடறக் கிடந்தது. எங்கள் பக்கத்தில் கரண்டியாக இருந்தாலும் வீட்டு எழுத்து வெட்டாமல் வாசல் தாண்ட விடமாட்டோம். பேர் வெட்டுகிறவர் மூன்று நாளாக வளவில், நடு முற்றத்தை ஒட்டி, உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தார்.

"டப்பி எங்கே?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"அங்குட்டுத்தான் இருக்கு. பேர் வெட்டக் குடுத்தேன். ரயில்ல கொண்டு போறீக, தொலைஞ்சா யாருதுன்னு தெரிய வேணாமா?"

வளவுக்கு ஓடினேன். டப்பி மேல் எங்கள் மூன்று எழுத்து. போகட்டும் என்று பஞ்சைப் பிரித்தேன். வட்டின் நடுவிலும் அதே மூன்று எழுத்து.

"மூடி தனி, டப்பி தனி, அது தனி. ஒண்ணையும் விட வேணாம்னு ஆச்சி சொன்னாக" என்று என் மனைவியைக் காட்டினார் பேர் வெட்டுகிறவர். "என்ன சாமான்யா அது, இம்புட்டுக் கடுசு! ரெண்டு உளி மொனை போச்சு."

"அது மேல படலம் இருந்துச்சுய்யா!"

மனைவி வட்டை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "எங்க?"

"கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாததைக் கெடுத்துட்டோம்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியுது?"

நான் பேர் வெட்டுகிறவரிடம் திரும்பினேன். "புளி போட்டுத் தேய்ச்சீரா?"

"எதுக்கு? வெட்டுன தூசியை வேட்டியில லேசாத் துடைச்சேன். புது வேட்டி."

வேறு வட்டு இல்லை. அதையே எடுத்துக்கொண்டு ரயிலேறினேன்.

சென்னையில் கருவியை இயக்கிய பெண் வட்டை இடுக்கியால் தூக்கி, என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இனிஷியல் யாரோடது?"

"வீட்டோடது."

கருவிக்குக் கடுகளவு இடம் போதும். இரண்டாம் எழுத்துக்கும் மூன்றாம் எழுத்துக்கும் நடுவே அவர் குறிவைத்தார்.

"மேல கார்பன் நிறைய இருக்கு சார்."

"வேட்டி" என்றேன்.

அந்த அழுக்குக்கு அடியில், அலுமினியம் ஆக்ஸைடு, இரண்டு அடுக்கு, கிழிசல் இல்லாமல் இருந்தது. காற்றில் மட்டுமல்ல, உளியடிக்குப் பக்கத்திலும் தப்பியிருக்கிறது என்று அறிக்கையில் சேர்த்துக்கொண்டேன். ஆராய்ச்சிக்குப் பணம் நிற்கவில்லை.

ஊர் திரும்பி மனைவியிடம் சொன்னேன். "அப்ப நாங்க ஒண்ணும் கெடுக்கலைல்ல? பிறகு எதுக்கு அந்தக் குதி குதிச்சீக?" என்றவள், "அவரு கணக்குக்குக் காத்திருக்காரு" என்று வளவைக் காட்டினாள்.

வட்டுக்கு மட்டும், எழுத்துக்கு ஐம்பது காசு வீதம், ஒன்றரை ரூபாய். உளி முனை இரண்டுக்கு ஐந்து ரூபாய். உளிக்கு நான் எதற்குக் கொடுப்பது என்று அரை மணி நேரம் வாதாடினேன்.

"பிறகு ஆபீஸ்ல வாங்கிக்கங்க" என்றார் அவர்.

என்ன செலவு என்று எழுதி வாங்குவது? கைப்பணத்திலிருந்து கொடுத்தேன்: ஆறு ரூபாய் ஐம்பது காசு.