சோலார் கம்பில் ஏறிய பீன்ஸ்

வட்டவடை மலைக்கிராமத்துக்கு மேலே எங்கள் தோட்டத்து வீட்டுக்குக் கரண்டு கிடையாது. போஸ்ட்டெல்லாம் கீழ்த் தெருவோடு நின்றுவிட்டன. மகள் நர்சிங் படிக்கப் பெங்களூருக்குக் கிளம்பும் முன்பு, என் வீட்டுக்காரர் ஒரு சோலார் பலகை வாங்கி வந்து, வாசலில் யூக்கலிப்டஸ் கம்பு நட்டு உச்சியில் மாட்டினார். ஒரு பல்பு, போனுக்கு ஒரு சார்ஜர், அவ்வளவுதான். எங்கள் ஊரில் கம்பு நட்டால் அடியில் பீன்ஸ் ஊன்றாமல் ஒருத்தரும் நகர மாட்டார்கள். மகளும் புறப்படுகிற அன்று நாலு விதையை ஊன்றிவிட்டுத்தான் ஜீப் ஏறினாள்.

அந்தக் கொடியோடு நான் பேசாத நாளில்லை. "உன்னை ஊன்றினவளுக்கு அம்மா நெனப்பு இருக்கா?" என்று வைவேன். அது உச்சிக்கு ஏறிப் பலகையைத் தொட்டபோது எனக்கு ஒரே பெருமை. போனில் மகளிடம் மட்டும் வாய் வேறு மாதிரிப் பேசும். "இங்க என்ன கொறச்சல்? நீ படிக்கிற வேலையைப் பாரு."

ஒரு ஞாயிறு சாயங்காலம், "அம்மா, எனக்கு இங்க..." என்று ஆரம்பித்தாள். போன் அணைந்துவிட்டது. பல்பும் மினுக்கி மினுக்கிப் போய்விட்டது. மழையில் பாதை இடிந்து கிடந்ததால் கீழே போய் சார்ஜ் போடவும் வழியில்லை. காய்ச்சலோ, யாராவது ஏதாவது சொன்னார்களோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் வீட்டுக்காரர் ஏணி வைத்து ஏறினார். "அடி ஆத்தி! பலகையே தெரியல. பூராவும் கொடிதான். அருவாளை எடு."

"கொடியில கை வச்சீங்க, அப்புறம் பாருங்க!"

"உனக்குக் கொடி வேணுமா, புள்ள பேச்சு வேணுமா?"

வேறு கம்பில் ஏற்றிவிடலாம் என்று நானே பிரிக்கப் பார்த்தேன். பலகையின் சட்டத்தை இறுக்கிச் சுற்றியிருந்தது. இழுத்த இழுப்பில் வேரோடு வந்துவிட்டது. அப்போதுதான் பூ விட்டிருந்தது, பாவம்.

அன்று நல்ல வெயில். பொழுது சாய்கையில் போன் உயிர் பிடித்தது. வீடியோவில் அவளே வந்தாள்.

"காய்ச்சலாடி? நேத்து என்ன சொல்ல வந்த?"

"அதெல்லாம் இல்லம்மா. எனக்கு இங்க ஒரு செடிகூடக் கண்ணுல படல, என் பீன்ஸைக் காட்டுன்னு சொல்ல வந்தேன். இன்னைக்கு உன் மூஞ்சி எவ்வளவு தெளிவாத் தெரியுது! அப்படியே வெளிய போய்க் காட்டேன்."

பல்பு பளிச்சென்று எரிந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன்?

"ஏம்மா அழுற?"

"பீன்ஸ் போச்சுடி," என்றேன். "நீ இல்லாம என்னால இங்க இருக்க முடியல."