மேலிருந்து பார்த்த கடற்பாலம்

அப்பா கோலாலம்பூரில், சித்தப்பா வீட்டில் இறந்துபோனார். மறுநாள் மூன்று மணிக்குத் தகனம். பள்ளி விடுமுறையின் முதல் நாள் அது. நாங்கள் இருந்தது சிங்கப்பூரில்; அங்கே சிலேத்தார் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் சின்ன விமானத்தில் ஒரே ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது.

"கொள்ளி வைக்க வேண்டியவன் நீ, நீ ஏறு லா. நான் பஸ்ல வந்துடுறேன்," என்றாள் அக்கா. "அப்பா முகத்தை மட்டும் நான் பாத்துடணும். மூட விட்டுடாதே."

காலை எட்டு மணிக்கு லிட்டில் இந்தியாவில் பேருந்து ஏறினாள். பதினொரு மணிக்கு நான் விமானத்தில் உட்கார்ந்தபோது அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது: "பாலத்துல நிக்கிறோம்." கைப்பேசியை அணைக்கச் சொன்னார்கள்.

விமானம் எழும்பிச் சாய்ந்தபோது இடப்பக்கச் சன்னலில், சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜோகூர்க் கடற்பாலம் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரர்கள் பின்வாங்கும்போது வெடி வைத்துப் பிளந்த பாலம் என்று பள்ளியில் படித்திருக்கிறேன். எத்தனையோ முறை அதில் போயிருந்தாலும் முழுதாகப் பார்த்தது அன்றுதான். தண்ணீருக்குக் குறுக்கே ஒரு கோடு. கோடு முழுக்க வண்டிகள். சிங்கப்பூர்ப் பக்கத்து உட்லண்ட்ஸ் சாலைகளிலும் அப்படியே. ஒன்றுகூட நகரவில்லை. அக்கா ஆறு மணிக்கு முன்னால் வந்துசேர மாட்டாள் என்று முடிவு செய்துவிட்டேன்.

இறங்கியதும் அழைத்தேன். அவள் கைப்பேசி அணைந்திருந்தது.

இரண்டரை மணிக்குத் தகனக் கூடத்தில் சித்தப்பா என் பக்கத்தில் வந்தார். "அக்கா எங்கடா வருது? பேசி ஒரு மணி நேரம் தள்ளிப் போடலாம். அதுக்கு மேல முடியாது. நீ சொல்லு."

நான் கூட்டத்தில் வாய் திறக்கிற ஆள் இல்லை. பெட்டியைச் சுற்றி நின்ற எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வர முடியாது சித்தப்பா. மேலேர்ந்து நானே பாத்தேன். எடுத்துடுங்க."

மூடினார்கள்.

நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. எல்லாம் முடிந்து கூடத்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்சியிலிருந்து அக்கா இறங்கினாள். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

"பதினொன்னரைக்கெல்லாம் பாலம் விட்டுடுச்சு," என்றாள். "போன்லதான் சார்ஜ் இல்ல. ஒரு மணி நேரம் பொறுக்க முடியலையா இவங்களுக்கு?"

"கேட்டேன்க்கா. முடியாதுன்னுட்டாங்க."

சித்தப்பா மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். திரும்பி உள்ளே போனார்.

அதன்பிறகு அக்கா அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. போன வாரமும் சித்தப்பா தொலைபேசியில் அவளை விசாரித்தார். நல்லா இருக்காங்க என்றேன்.