ரயிலில் தொலையாத காகிதங்கள்

என் கையெழுத்து கோணலாக இருக்கும், எழுத்துப் பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதைப் படிக்கும் சொந்தக்காரர்கள், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். எழுத்தை மட்டும் திருத்து, விஷயத்தைத் திருத்தாதே என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா பிறந்தது விரிஞ்சிபுரத்தில். அப்பாவுக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் தொழிற்சாலையில், வேலை கிடைத்து ஆம்பூர் வந்தோம். அப்பா சீக்கிரம் போய்விட்டார். அம்மாவும் நானும் ஷாப்புக்குப் போனோம், அக்கா படித்தார். வேலூர், சென்னை, பிறகு வெளிநாடு. கருந்துளையைப் பற்றிக் கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. பேனாவும் காகிதமும் போதும். ஒரு கணக்கு வருஷக்கணக்கில் போகும்.

"கருந்துளைன்னா இன்னாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள போனது வெளிச்சமா இருந்தாகூட திரும்பி வராதுடா. அது அடியோட அழிஞ்சிடுதா, எங்கியாவது மிச்சம் இருக்குதான்னு பாக்கறேன்."

ஒரு பொங்கலுக்கு லீவில் வந்திருந்தார். போகியன்று காலையில் பழையதை எல்லாம் ஒதுக்கினேன். அலமாரியின் அடியில் ஒரு கட்டுக் காகிதம், பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே கோடு போட்டிருந்தது. ஷாப்பில் தோல்மேல் சாக்பீஸால் அப்படிக் கோடு போட்டால் அது கழிவு. நெருப்பில் போட்டுவிட்டேன்.

குளித்துவிட்டு வந்த அக்கா, "இன்னாடா எரியுது?" என்றார்.

"நீ அடிச்சிப் போட்ட பேப்பர்தான்கா."

குனிந்து நெருப்பைப் பார்த்தார். "அடிச்சதெல்லாம், இந்த வழியா போனா வராதுன்னு கண்டுபுடிச்சதுடா. நாலு வருஷம்."

நான் குச்சியால் சாம்பலைக் கிளறினேன். "வுடு, கையச் சுட்டுக்கப் போற" என்றார்.

எல்லாரிடமும் அந்தக் காகிதங்கள் இருந்த பையை ரயிலில் விட்டுவிட்டதாகச் சொன்னார். "இம்மாம் படிச்சி இன்னா பிரயோஜனம், ஒரு பையப் பாத்துக்கத் தெரியலியே" என்று கல்யாணத்திலும் காதுகுத்திலும் சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டேன். அக்கா என் பக்கம் திரும்பக்கூட மாட்டார்.

கணக்கை முதலிலிருந்து போட்டார். முடிப்பதற்குள் நோய் வந்துவிட்டது. வேலூர் ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், "சொல்லிடட்டுமாக்கா?" என்றேன்.

"இப்ப இன்னாத்துக்குடா அந்தப் பேஜாரு? நான் போனப்புறம் சொல்லு, தைரியம் வந்தா" என்று சிரித்தார்.

தைரியம் வரவில்லை. சுமந்து சுமந்து களைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

அக்காவை அருகிலிருந்து பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், காரியத்தில் தோள் கொடுத்த ஷாப் ஆட்களுக்கும், பாதியில் நின்ற கணக்கைத் தொடரும் அக்காவின் மாணவிகளுக்கும் நன்றி. மாணவிகள், அக்கா மறுபடி போட்ட கணக்கின் காகிதங்களைக் கேட்டு வந்தபோது, அடித்த பக்கங்களையும் ஒன்று விடாமல் கொடுத்தேன்.

அக்கா எதையும் தொலைக்கவில்லை. எரித்தவன் நான். இந்த வருஷம் வீட்டில் எதையும் எரிக்கவில்லை; உட்கார்ந்து இதை எழுதினேன்.

மார்கழி கடைசி நாள், போகி.