பெயர் போடாமல் வந்த சத்தம்

என் அண்ணனுக்குக் கண் சுமார், வாய் அதைவிடச் சுமார். காது மட்டும் பேய்க் காது. தையல் மெஷின், மிக்ஸி, ஃபேன், தண்ணி மோட்டார், எதுவானாலும் அரை நிமிஷம் ஓடவிட்டுக் கேட்டால் போதும், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். கழற்றிப் பார்ப்பதெல்லாம் கொண்டுவந்தவரின் திருப்திக்காக. கடைத்தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. 'காது இருக்காரா?' என்றுதான் விசாரிப்பார்கள்.

கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் அவருடைய ரிப்பேர் கடை. சுவரெல்லாம் ஆணி, ஆணியெல்லாம் ஸ்பானர். அதில் ஒரு ஆணியில் மட்டும் சின்ன கைப்பிடி ஸ்பானர் ஒன்று தொங்கும். அதை அவரும் எடுக்கமாட்டார், மற்றவர்களையும் தொட விடமாட்டார். அது அவர் மகளுடையது.

நான் அவருக்கு ஒரே தங்கை. அண்ணன் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். ஓர் அலுவலகத்தில் இருபத்தாறு வருஷமாக டைப் அடிக்கிறேன். வாய் விஷயத்தில் அண்ணனுக்குச் சேரவேண்டிய பங்கும் எனக்கே வந்துவிட்டது என்று அண்ணி சொல்வாள். அண்ணி போய் எட்டு வருஷம் ஆகிறது. அதன்பிறகு நாலு வருஷம் மகளும் அப்பாவும் சேர்ந்து கடை பார்த்தார்கள். எனக்குத் தெரிந்து என் அண்ணன் சிரித்த முகத்தோடு கடை திறந்தது அப்போதுதான்.

அதையும் அவரே கெடுத்துக்கொண்டார். ஒரு நாள் ஓர் அம்மாள் தையல் மெஷினை வாங்கிப்போக வந்தாள். ரிப்பேர் பார்த்தது மகள் என்று தெரிந்ததும், "நீங்க ஒரு தடவை பாத்துடுங்களேன்" என்று அண்ணனிடம் இழுத்தாள். 'அவ பாத்தாப் போதும்' என்று சொல்லவேண்டிய மனுஷன், ஒரு வார்த்தை பேசாமல் மெஷினை மொத்தமாகக் கழற்றினார். ஒரு குறையும் இல்லை. திரும்ப மாட்டினார், கொடுத்தனுப்பினார். மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். 'சரியாத்தான் பண்ணியிருக்கே' என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. கையைத் துடைத்தாள், ஸ்பானரை ஆணியில் மாட்டினாள், வெளியே போய்விட்டாள். அந்த மாதக் கடைசியில் வேறு ஊரில் வேலை கிடைத்தது என்று கிளம்பினாள். அம்மா தைத்த மிதி மெஷினை மட்டும் கூடவே எடுத்துப்போனாள். போன் நம்பரை மாற்றிவிட்டாள். என்மேல் அவளுக்கு என்ன கோபம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, ஆனால் எனக்கும் நம்பர் தரவில்லை.

பிறகு அண்ணன் ஊமை ஆகிவிட்டார். கடையில் தலையசைப்பு, வீட்டில் அதுவும் கிடையாது. பார்க்கச் சகிக்காமல் நான்தான் வலைப்பூ ஆரம்பித்தேன். 'மிக்ஸி ஏன் உறுமுகிறது', 'ஃபேன் ஏன் முனகுகிறது' என்று அவர் வாயைப் பிடுங்கி வாரத்துக்கு ஒன்று டைப் அடித்துப் போட்டேன். மொத்தம் பதினோரு பேர் படித்தார்கள். அதில் ஆறு பேர் என் ஆபீஸ். மீதி ஐந்தில் இரண்டு நான்.

"சத்தத்தை எழுதி என்ன புரியும்? கேக்கணும்" என்றார் அண்ணன் ஒரு நாள். அவர் தானாகப் பேசியதே அதிசயம் என்று, அந்த ஞாயிற்றுக்கிழமையே பாட்காஸ்ட் தொடங்கினோம். கடைத்தெரு மூடியிருக்கும் மத்தியானம்தான் எங்களுக்கு ஸ்டுடியோ நேரம். துணி அலமாரியைத் திறந்து, துணிகளுக்கு நடுவில் போனை வைத்து, அண்ணன் தலையை உள்ளே விட்டுப் பேசுவார். எதிரொலி வராது. வெளியே இருந்து பார்த்தால் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் மாதிரி இருக்கும்.

முதல் ஏழு பகுதியும் ஈ ஓட்டின. எட்டாவதில் யாரோ ஒரு பெண் தன் மிக்ஸி சத்தத்தைப் பதிவு செய்து அனுப்பினாள். அதைப் போட்டுக் காட்டி, "கீழே ஜாரைச் சுத்தற ரப்பர் கப்ளர் தேஞ்சிருக்கு, அதை மாத்துங்க, மோட்டார்ல கை வைக்காதீங்க" என்றார் அண்ணன். அவள் மாற்றினாள், சரியானது, ஊரெல்லாம் சொன்னாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. சத்தங்கள் வந்து குவிந்தன. நாங்கள் ஒரு வழக்கம் வைத்தோம். திங்கட்கிழமை சத்தத்தை மட்டும் போடுவோம். கேட்பவர்கள் கோளாறு என்ன என்று கீழே எழுதுவார்கள். வியாழக்கிழமை அண்ணன் விடை சொல்வார். மெக்கானிக்குகள், வீட்டுப் பெண்கள், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர் ஒருவர், படுக்கையை விட்டு எழ முடியாத ஒரு நூலகர் என்று ஒரு கூட்டமே சேர்ந்து கட்சி கட்டிக்கொண்டு சண்டை போட்டது. தங்களுக்குக் காதுக் கூட்டம் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். ஒன்பதாயிரம் பேர் ஆனார்கள்.

சத்தம் அனுப்புகிற படிவத்தில் பெயர், விலாசம் எல்லாம் கேட்டிருந்தேன். பலர் கூச்சப்பட்டார்கள். அதனால் அந்தப் பெட்டிகளை எடுத்துவிட்டு, 'சத்தம் மட்டும் போதும்' என்று போட்டேன். என்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டு செய்தேன்.

ஒன்பதாயிரத்தைப் பற்றி அண்ணனுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. ஒவ்வொரு வாரமும் என்னிடம் ஒரே கேள்வி.

"யார் யார் கேக்கறாங்கன்னு தெரியுமா?"

"எண்ணிக்கைதான் தெரியும்ணா. ஆள் தெரியாது."

"ஒருத்தர்கூடவா தெரியாது?"

அவர் யாரைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் தெரியாத மாதிரி பாத்திரம் கழுவப் போய்விடுவேன். அலமாரிக்குள் தலையை விட்டு அவர் பேசியதெல்லாம் ஒரே ஆளுக்காக என்பதைச் சொல்லிக்காட்ட எனக்கு மனசு வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அந்தச் சத்தம் வந்தது. மிதி மெஷின். எனக்கு அது நூறோடு நூற்றொன்று. அண்ணன் கேட்டார், நிறுத்தினார், மறுபடி கேட்டார்.

"நம்ம மெஷின்" என்றார்.

"எல்லா மிதி மெஷினும் இப்படித்தான் ஓடும்."

"ஓடாது. பெரிய சக்கரம் உடைஞ்சு நான் ஒட்டு வச்சேன் இல்ல, அந்த ஒட்டு மேலே வரப்பல்லாம் சக்கரம் ஒரு இழுப்பு இழுக்கும். உங்க அண்ணி தைக்கும்போது பதினெட்டு வருஷம் கேட்ட சத்தம். இதை மறப்பனா?"

மூன்றாவது தடவை காதை ஒட்டிக்கொண்டு கேட்டதும் எனக்கும் அந்த இழுப்பு கேட்டது. நான் அழுதேன். அவர் அழவில்லை, போனைத் துடைத்து மேஜையில் வைத்தார்.

திருப்பி எழுத வழி இல்லை. பெட்டிகளைத்தான் நான் எடுத்துவிட்டேனே. பேர் சொல்லிப் பேசிவிடு என்றேன். "பேர் சொன்னா ஓடிடுவா" என்றார். கோளாறு சின்னது. மிதிப்பலகையிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேருகிற இடத்தில் நட்டு தளர்ந்து, லேசாக 'டக் டக்' என்றது. ஒரு ஸ்பானர், ஒரு சுற்று, முடிந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அப்புறம் சத்தம் வராது. என் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாகத் தொழிலில் பொய் சொன்னார்.

"இது சரியாப் பிடிபடலைங்க. மெதுவா மிதிச்சு இன்னொண்ணு அனுப்புங்க" என்றார் அந்த வியாழக்கிழமை. மறுநாளே வந்தது, மெதுவாக மிதித்து. "பெல்ட்டைக் கழட்டிட்டு ஒண்ணு அனுப்புங்க" என்றார். பெல்ட் இல்லாமல் வந்தது. மூன்று வாரம் இப்படிப் போனது. அவர் ஒன்று கேட்பார், அவள் அதைச் செய்து அனுப்புவாள். சாப்பிடும்போதுகூட அண்ணன் அதைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னணியில் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டால், "மரக் கதவு. கீல் எண்ணெய் கேக்குது" என்பார். அவள் வீட்டைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

காதுக் கூட்டம் சும்மா இருக்குமா? 'காதுக்குக் காது செவிடாகிவிட்டதா?' என்று ஒருவர் எழுதினார். 'கேட்பவர்களை இழுத்தடிக்கிற வேலை' என்றார் இன்னொருவர். அந்த லிஃப்ட் ஆபரேட்டர் பொறுக்கமாட்டாமல், 'கம்பி நட்டை இறுக்கு தாயே, இதற்கு மூன்று வாரமா?' என்று போட்டு உடைத்தார்.

அடுத்த வாரம் சத்தம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

அண்ணன் கடையைத் திறக்கவில்லை. "அந்த ஆள் கெடுத்துட்டான். அவ இறுக்கிட்டிருப்பா, சரியாயிருக்கும்" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"நாலு வருஷம் உன்கூட உக்காந்து மெஷின் பாத்தவளுக்கு அந்த நட்டு தெரியாதாண்ணா? அவ ரிப்பேர் கேட்டா அனுப்பினா? நீ என்ன சொல்றேன்னு கேக்க அனுப்பினா. அன்னைக்கும் தெரிஞ்சதைச் சொல்லலை, இன்னைக்கும் சொல்லலை. நீயெல்லாம் ஒரு காது!"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரே அலமாரியைத் திறந்தார். நான் போனை வைத்துவிட்டுக் கதவோரம் நின்றேன்.

"மூணு வாரம் உங்களை ஏமாத்தினேன், மன்னிச்சுக்குங்க" என்று ஆரம்பித்தார். "கோளாறு எனக்கு முதல் நாளே தெரியும். அந்த மெஷினும் தெரியும். ஓட்டறவங்களையும் தெரியும். சத்தம் நின்னுடுமேன்னு சொல்லலை." தலையை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டார். "நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு மெஷினை ஆள் முன்னாடி கழட்டினேன். அதுல ஒரு தப்பும் இல்லை. நான் பண்ணியிருந்தாக்கூட அவ்வளவு சுத்தமா வந்திருக்காது. இதை அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

நான் ஒரு மூச்சைக்கூட வெட்டாமல் அப்படியே ஏற்றினேன். காதுக் கூட்டம் அந்த வாரம் சண்டையே போடவில்லை. லிஃப்ட் ஆபரேட்டர் மட்டும், 'நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்' என்று எழுதினார். நான் படிவத்தில் பெயர்ப் பெட்டியையும் விலாசப் பெட்டியையும் திரும்ப வைத்தேன். ஐந்து வாரம் போனது. மிக்ஸி வந்தது, ஃபேன் வந்தது, யார் வீட்டு லிஃப்டோகூட வந்தது. ஒவ்வொன்றையும் திறக்கும்போது அண்ணன் என் தோளுக்குப் பின்னால் வந்து நிற்பார். ஆரம்பித்த நொடியே அது இல்லை என்று தெரிந்து நாற்காலிக்குப் போய்விடுவார். அந்த நாலு தப்படியை என்னால் பார்க்கமுடியாது.

ஆறாவது வாரம் மிதி மெஷின் வந்தது. இரண்டு பெட்டியும் காலி. ஒட்டு மேலே வரும் இழுப்பு இருந்தது. அதோடு 'டக் டக்' என்று, முன்பைவிடப் பலமாக.

"மறுபடி கழண்டிருக்கு போல" என்றேன்.

அண்ணன் இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டார்.

"தானாக் கழண்டா கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏறும். போன தடவை அப்படித்தான், லேசா இருந்தது. இது முழுசா ரெண்டு சுத்து. மேலே பூட்டு நட்டு வேற இருக்கு, அதையும் எடுத்திருக்கா." போனை மேஜையில் வைத்தார். "ஸ்பானர் வச்சுக் கழட்டியிருக்காம்மா."

நல்ல மெஷினைக் கெடுத்து அனுப்பியிருக்கிறாள். எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய பாவம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமைவரை அவர் காத்திருக்கவில்லை. கடைக்குப் போய் ஆணியிலிருந்து சின்ன ஸ்பானரை எடுத்துவந்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், அலமாரிக்குள் தலையை விட்டார். ஒன்பதாயிரம் பேருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இறுக்கிடாதேம்மா" என்றார். "விலாசம் போடு. நான் வர்றவரைக்கும் அப்படியே ஓடட்டும்."