இடப்பெயர்ச்சி சுழி

நாலரை மணி வெயிலில் சூடான பன் வாசனை மூக்கில் ஏறினால் திருநகரில் எங்கள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது என்று பொருள். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே நானும் என் "சேக்காளி" மலர்விழியும் பேக்கரித் தெருவுக்குள் திரும்பி, பூங்கா, தண்ணீர்த்தொட்டி, கார் நிற்கும் பெரிய வீடுகளின் வரிசை என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவோம். இத்தனைக்கும் எங்கள் இருவர் வீடும் பள்ளிக்கு நேர் பின்னால் ஒரே சந்தில்தான் இருந்தன. "ஒட்டுக்காப் பேசிக்கிட்டே போவோம்டி, இப்பவே வீட்டுக்குப் போயி என்னத்தப் பண்ணப் போறோம்?" என்று அந்தச் சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்தவள் மலர்தான்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள் இயற்பியல் சார் தொலைவையும் இடப்பெயர்ச்சியையும் நடத்தினார். நடந்த பாதை முழுவதும் தொலைவு. கிளம்பிய இடத்திலிருந்து சேர்ந்த இடத்துக்கு நேராகக் கோடு போட்டு அம்புக்குறி வைத்தால் அது இடப்பெயர்ச்சி. கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்தால் சுழி. "சனிப்பெயர்ச்சி மாதிரியா சார்?" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கேட்க, "சனியாச்சும் வீடு மாறும்மா, நீ கெளம்புன எடத்துலயேதான நிக்கிற" என்றார். சிரித்து ஓய்ந்ததும், அவரவர் வீட்டுப் பாதையை வரைந்து வரச் சொன்னார். என் படத்தில் பாதை தாள் முழுக்க வளைந்து ஓடியது. அம்புக்குறி சுண்டுவிரல் அளவுகூட இல்லை. மிச்சமுள்ள அத்தனை தூரமும் மலர் எனக்காக நடப்பது என்று நானாகவே கணக்குப் போட்டு, கண்டவர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டிப் பீற்றிக்கொண்டேன்.

பெரிய வீடுகளில் ஒன்று எங்கள் வகுப்பு பிரீத்தியுடையது. அந்த கேட்டுக்கு முன்னால் மட்டும் மலரின் செருப்பு வார் தினமும் கழன்றுகொள்ளும். நானும் மக்கு மாதிரி காத்து நிற்பேன். ஒரு நாள் பிரீத்தியே வெளியே வந்து, "உள்ள வாயேன் மலர்" என்றாள். மலர் என்னைப் பார்த்து, "நீ போடி, நான் பின்னாடி வாரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். வெகுநேரம் நின்றேன், வரவில்லை. அடுத்த வாரம் முதல் பிரீத்தியின் காரிலேயே ஏறிப் போனாள். அந்தப் பாதை எனக்காகப் போட்டதே இல்லை, அந்த வாசலில் தனியாக நிற்கக் கூச்சப்பட்டுக் கூட்டிப்போன துணைதான் நான் என்று அப்போதுதான் உறைத்தது. அவ்வளவு தூரம் நடந்தும் நான் கிளம்பிய இடத்திலேயே நின்றேன். அதன் பிறகு நேர் வழியிலேயே வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்வேன்.

பேக்கரி இருந்த இடத்தில் இன்று மருந்துக்கடை, தண்ணீர்த்தொட்டியை இடித்துவிட்டார்கள், பெரிய வீடுகள் அடுக்குமாடிகளாகிவிட்டன. போன மாதம் திருமங்கலத்தில் ஒரு கல்யாணத்தில் மலரைப் பார்த்தேன். ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு, "நாம எம்புட்டு நடந்திருக்கோம்! அப்பிடி வேற யாரு கூடயும் நான் நடந்ததே இல்லடி" என்றாள். இத்தனை வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்ததைக் கேட்டே விட்டேன்: "பிரீத்தி எப்பிடி இருக்கா?"

மலர் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "பிரீத்தியா? அது யாருடி?"

நடிக்கவில்லை. என்னைத் தெருவில் நிறுத்திவிட்டு யார் வீட்டுக்குள் போனாளோ, அவள் பெயரே இவளுக்கு நினைவில்லை.